எழுத்தின் வாயிற்காவல்

அமெரிக்க நாட்டிலே, பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகரான பிறிம்றோஸ் என்பவர், 1887 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, கன்சாஸ் மாநிலத்திலிருந்த தம் முகவருக்கு ஒரு தந்தி அனுப்பினார். சொல்லுக்கு இவ்வளவு என்று தந்திக் கட்டணம் அறவிடப்பட்ட காலம் அது. செலவைக் குறைக்கவும் வணிக இரகசியத்தைக் காக்கவும் வணிகர்கள் தமக்குள்ளே குழூஉக்குறிகளை வகுத்துக்கொண்டிருந்தனர். ஒரு சிறு சொல் ஒரு முழு வாக்கியத்தின் பொருளைத் தாங்கி நிற்கும். பிறிம்றோஸ் அனுப்பிய தந்தியிலே ‘பே’ என்று ஒரு சொல் இருந்தது. ‘வாங்கிவிட்டேன்’ என்பதே அதற்கு அவர்கள் வகுத்திருந்த பொருள். அச்சொல்லின் நடுவிலே நின்ற ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து வழியிலே ‘யூ’ என மாறிற்று. தந்திக் குறியிலே ‘ஏ’ என்பது ஒரு புள்ளியும் ஒரு கோடும். ‘யூ’ என்பது இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஒரேயொரு புள்ளி மிகுந்தது. ‘வாங்கிவிட்டேன்’ என்ற செய்தி, ‘வாங்கு’ என்னும் கட்டளையாய்ப் போய்ச் சேர்ந்தது.

முகவர் ஐயுறவில்லை. வந்த சொல் பிழையான சொல்லாக அவருக்குத் தோன்றியிருந்தால் அன்றோ ஐயம் பிறக்கும்? அவர் பெருந்தொகையான கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு ஏற்பட்ட நட்டம் 20,000 டொலருக்கும் மேற்பட்டது. வழக்கு வெஸ்டேர்ன் யூனியன் தந்திக் கம்பனிக்கு எதிராக அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1894 ஆம் ஆண்டிலே தீர்ப்பு வந்தது. செய்தியைத் திருப்பி அனுப்பி ஒப்புநோக்குவதற்கு அரைப்பங்கு மேலதிகக் கட்டணம் செலுத்தும் வசதி இருந்தது. வணிகர் அதனைச் செலுத்தவில்லை. ஆதலின் தந்திக் கட்டணத்துக்கு மேலே எதையும் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அக்கட்டணம் 1 டொலர் 15 சதம்.

இத்தகைய இடர்களை நன்கறிந்த குழூஉக்குறி நூலாசிரியர்கள், பிற்காலத்திலே ஓர் உபாயத்தைக் கையாண்டனர். ஐந்தெழுத்துச் சொற்களாலான தம் நூல்களிலே, எந்த இரு சொற்களும் குறைந்தது இரண்டு எழுத்துகளிலேனும் வேறுபட வேண்டும் என்று விதித்தனர். அவ்விதியின் பயன் யாது? வழியிலே ஓரெழுத்து மாறினால், மாறிய சொல் நூலிலே இராது. பெறுபவர் ‘இப்படியொரு சொல்லே இல்லை’ என்று அறிந்து, மீண்டும் அனுப்பும்படி கேட்பார். பிழையைத் திருத்தும் வல்லமை அந்த உபாயத்துக்கு இல்லை. பிழையைப் பிழை என்று காட்டும் வல்லமை மாத்திரமே உண்டு. அதுவே பல்லாயிரம் டொலர் பெறுமதியானது. எழுத்தைக் குறியாக மாற்றும் எக்கருவிக்கும், குறியை எழுத்தாக மீட்கும் எக்கருவிக்கும் இன்றும் வேண்டப்படுவது இந்த வல்லமையே.

நேயர்களே! தந்தியின் காலம் கழிந்து கணினியின் காலம் வந்துவிட்டது. எனினும் எழுத்து எழுத்தாகவே பயணஞ் செய்வதில்லை. கணினிக்குத் தெரிந்தது எண் ஒன்றே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணைச் சேமித்தும் அனுப்பியும், மறுபுறத்திலே அதனை மீண்டும் எழுத்தாகக் காட்டுவதே கணினியின் தொழில். எழுத்தை எண்ணாக்குவதைக் குறியாக்கம் என்பர். எண்ணை எழுத்தாக மீட்பதைக் குறிநீக்கம் என்பர். 1963 ஆம் ஆண்டிலே அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் அட்டவணையிலே 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்துக்கு அவை போதும். உலகத்து மற்றை மொழிகளுக்கோ இடமில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்த யுனிகோட் என்னும் பேரட்டவணையின் முதற் பதிப்பு 1991 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. தமிழுக்கும் அதிலே தனி இடம் உண்டு. ககரத்தின் எண் 2965.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கணினியின் நினைவகத்திலே பைற்று எனப்படும் ஒரு சிற்றறை 0 முதல் 255 வரையுள்ள எண்ணை மாத்திரமே கொள்ளும். 2965 என்பது அதற்குள் அடங்காது. பல அறைகளிலே பகுத்து வைக்க வேண்டும். எங்ஙனம் பகுப்பது? 1992 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, நியூ ஜேர்சி மாநிலத்து உணவகம் ஒன்றிலே, கென் தொம்சன், றொப் பைக் என்னும் இரு கணினி அறிஞர் இராப்போசனத்துக்கு அமர்ந்திருந்தபோது, தொம்சன் உணவுத் தட்டின் கீழே விரிக்கப்படும் தாளிலே அதற்கான முறையை வரைந்தார். சில நாள்களுக்குள்ளே அது தொழிற்படத் தொடங்கிற்று. யூ.ரி.எப்.-8 என்று வழங்கும் அம்முறையே இன்று உலகின் மிகப் பெரும்பாலான இணையத்தளங்களிலே ஆட்சி செய்கிறது.

அம்முறையின் அமைப்பு எளிது. ஆங்கில எழுத்துகள் தம் பழைய எண்ணோடு ஒவ்வோர் அறையிலே அப்படியே இருக்கும். ஏனைய எழுத்துகளுக்கு ஒரு தலை அறையும், அதனைத் தொடர்ந்து ஒன்றோ இரண்டோ மூன்றோ தொடர் அறைகளும் உண்டு. எத்தனை அறைகள் பின்தொடரும் என்பதைத் தலை அறையின் எண்ணே சொல்லிவிடும். தொடர் அறை ஒவ்வொன்றும் 128 இலிருந்து 191 வரையுள்ள எண்ணாகவே இருத்தல் வேண்டும். ககரம் 224, 174, 149 என மூன்று அறைகளிலே அமரும். தமிழெழுத்தின் எந்தக் குறியும் இவ்வாறே மூன்று அறைகளைப் பெறும். முதல் அறையிலே 224, இரண்டாம் அறையிலே 174 அல்லது 175. நீண்டதொரு கோவையின் நடுவிலே கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தைத் தொட்டாலும், தொட்டது தலையா தொடர்ச்சியா என்று உடனே கண்டுகொள்ளலாம். இது இம்முறையின் தனிச்சிறப்பு.

ஆயினும் இந்த அழகிய முறையிலே ஒரு வாயில் திறந்தே கிடந்தது. நாற்பத்தேழு என்னும் எண்ணை 47 என்று எழுதலாம். 047 என்றும் எழுதலாம். 0047 என்றும் எழுதலாம். பெறுமானம் ஒன்றே. ஆனால் இடாப்பிலே 47 என்று தேடும் எழுதுவினைஞரின் கண்ணுக்கு 0047 அகப்படாது. யூ.ரி.எப்.-8 முறையிலும் அவ்வாறே. சாய்கோட்டின் எண் 47. அதற்குரிய முறையான வடிவம் ஒரேயோர் அறை. ஆனால் அதனையே 192, 175 என இரண்டு அறைகளிலும், 224, 128, 175 என மூன்று அறைகளிலும் முன்னே வெறும் சுழியங்களை நிரப்பி எழுதிவிட முடியும். கண்டிப்பில்லாத குறிநீக்கி, கணக்கைக் கூட்டிப் பார்த்து, மூன்றையும் சாய்கோடு என்றே வாசித்துவிடும்.

இதனால் என்ன தீங்கு என்று வினவலாம். கணினியின் கோப்புகள் உறைகளுக்குள் உறைகளாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால், ‘இவ்வுறையை விட்டு மேலுறைக்குச் செல்க’ என்பது பொருள். ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தைப் பார்வையிட வருபவர், பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட உறைக்கு அப்பாற் செல்லலாகாது. ஆகவே வாயிலிலே காவல் உண்டு. வருகின்ற வேண்டுகோளிலே இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து காணப்பட்டால் காவல் அதனை மறுத்துவிடும். ஆனால் சாய்கோடு 192, 175 என்று மாறுவேடம் பூண்டு வந்தால்? காவலின் பட்டியலிலே அவ்வெண்கள் இல்லை. உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் குறிநீக்கியோ வேடத்தைக் கலைத்து, ‘இது சாய்கோடு’ என்று மரியாதையோடு ஏற்றுக்கொள்கிறது. வந்தவர் மேலுறைக்குச் சென்றுவிடுகிறார்.

இது கற்பனை அன்று. மைக்ரோசொப்ட் கம்பனியின் இணையச் சேவையக மென்பொருளிலே இக்குறை இருந்தது. 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17 ஆம் நாள் அக்கம்பனி இதுபற்றிப் பகிரங்க எச்சரிக்கை வெளியிட்டது. தொலைவிலிருந்த ஒருவர், வெறும் முகவரி ஒன்றைத் தட்டெழுதி அனுப்புவதன் மூலம், அந்தக் கணினியிலே கட்டளைகளை இயக்கும் நிலை ஏற்பட்டது. அடுத்த ஆண்டு, 2001 செப்டெம்பரிலே உலகெங்கும் விரைந்து பரவிய நிம்டா என்னும் தீநிரல், தான் புகுந்த பல வழிகளுள் இந்த வழியையும் பயன்படுத்திற்று. திருத்தம் வெளியாகி ஏறக்குறைய ஓராண்டு கழிந்தும், அதனைப் பொருத்தாத கணினிகள் பல இருந்தமையே காரணம்.

வருந்தத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. இந்த ஆபத்து முன்னறிவிக்கப்படாததன்று. 1998 ஆம் ஆண்டிலே வெளியான யூ.ரி.எப்.-8 இணைய நியம ஆவணத்தின் பாதுகாப்புப் பகுதியிலே, இவ்வகைச் சூழ்ச்சி உதாரணத்தோடு எடுத்துக்காட்டப்பட்டிருந்தது. புள்ளியை இரண்டு அறைகளிலே மறைத்து எழுதிக் காவலை ஏமாற்றலாம் என்று அவ்வாவணம் விளக்கியிருந்தது. எச்சரிக்கை அச்சிலே இருந்தது. காவல் வாயிலிலே இருக்கவில்லை.

கருவிகளைச் செய்தோர் ஏன் கண்டிப்பைக் கைவிட்டனர்? சோம்பல் என்று சொல்லிவிடுதல் நியாயமாகாது. அதற்குப் பின்னே ஒரு கொள்கை இருந்தது. இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜொன் பொஸ்ரல் என்பவர் 1980 ஆம் ஆண்டிலே, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை வகுத்த ஆவணத்திலே, ஒரு பொதுவிதியைக் கூறினார். அனுப்பும்போது கட்டுப்பாடாயிருங்கள், பெறும்போது தாராளமாயிருங்கள் என்பது அதன் கருத்து. அக்காலத்திலே கணினி வலை சிறியது. அதிலே இருந்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். சிறு பிழைக்காகத் தொடர்பை முறித்துக்கொள்ளாமல், குறிப்பறிந்து நடந்தமையாலேயே வலை வளர்ந்தது. விருந்தினரின் சொற்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் நல்லொழுக்கத்தை ஒத்தது அது.

ஆனால் ஊர் பெருகி நகரமானபோது நிலைமை மாறிற்று. பொறுத்துக்கொள்ளப்பட்ட பிழை மறைவதில்லை. அனுப்பியவருக்குத் தம் பிழை தெரியவராதபடியால் அவர் அதனைத் திருத்துவதுமில்லை. நாளடைவிலே அப்பிழையே வழக்கமாகிறது. புதிதாகக் கருவி செய்பவரும் அதனை ஏற்றாக வேண்டிய நிர்ப்பந்தம் உண்டாகிறது. அதனினும் கேடு, இரு கருவிகள் ஒரே பிழையை இரு வகையாகப் பொறுத்துக்கொள்வது. காவற்கருவி ஒரு பொருள் கொள்கிறது. உள்ளிருக்கும் கருவி வேறொரு பொருள் கொள்கிறது. அவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட சந்திலேதான் கள்வன் நுழைகிறான். இணையத்தின் அமைப்பை மேற்பார்வை செய்யும் சபை 2023 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆவணம் ஒன்று, பொஸ்ரலின் விதியைக் கண்மூடிப் பின்பற்றுவதால் விளையும் இத்தீங்குகளை விரிவாக ஆராய்ந்து, பிழையைக் கண்டவிடத்து வெளிப்படுத்துவதே நெடுங்காலத்துக்கு நன்மை என்று வற்புறுத்திற்று.

யூ.ரி.எப்.-8 முறையின் வாயில் அதற்கு முன்னரே அடைக்கப்பட்டுவிட்டது. 2001 ஆம் ஆண்டின் யுனிகோட் 3.1 ஆம் பதிப்பு, ஓரெழுத்துக்கு மிகக் குறுகிய வடிவம் ஒன்றே செல்லும், நீட்டி எழுதியதை எந்தக் கருவியும் ஏற்கலாகாது என்று விதித்தது. 2003 ஆம் ஆண்டு நவம்பரிலே வெளியான புதிய இணைய நியமம், ஓரெழுத்துக்கு நான்கு அறைகளே உச்ச எல்லை என்று வரையறுத்தது.

கண்டிப்பான குறிநீக்கி எவற்றைச் சோதிக்க வேண்டும்? விதிகள் சிலவே. முதலாவது, 192, 193 என்னும் எண்களும், 245 முதல் 255 வரையுள்ள எண்களும் எந்த இடத்திலும் வரக்கூடாது. இரண்டாவது, தலை அறை இல்லாமல் தொடர் அறை தனியே வரக்கூடாது. மூன்றாவது, தலை அறை சொன்ன தொகைக்குக் குறைவாகத் தொடர் அறைகள் வரக்கூடாது. நான்காவது, தலை அறை 224 ஆயின் அடுத்தது 160 க்குக் குறையலாகாது. 240 ஆயின் அடுத்தது 144 க்குக் குறையலாகாது. நீட்டி எழுதும் சூழ்ச்சி இதனாலே ஒழியும். ஐந்தாவது, தலை அறை 237 ஆயின் அடுத்தது 159 ஐத் தாண்டலாகாது. 244 ஆயின் 143 ஐத் தாண்டலாகாது. முன்னையது, வேறொரு குறியாக்க முறைக்கென ஒதுக்கிவைக்கப்பட்ட 2048 எண்கள் உள்ளே வராமற் காக்கும். பின்னையது, யுனிகோட்டின் கடைசி எண்ணாகிய 11,14,111 ஐக் கடவாமற் காக்கும். தமிழெழுத்தின் தலை அறை 224 என்று முன்னர்க் கூறப்பட்டது. அதாவது, நான்காம் விதி காவல் புரியும் அதே வாயிலினூடாகவே தமிழெழுத்து ஒவ்வொன்றும் நாள்தோறும் நுழைகிறது. இரண்டாம் அறை 174 அல்லது 175 ஆதலால் தமிழுக்கு யாதொரு தடையுமில்லை. விதியைச் சரிவர அறியாமல் 224 என்ற தலையையே சந்தேகித்து மறுப்பவர், தமிழையும் சேர்த்து மறுப்பவர் ஆவர்.

பிழையைக் கண்டபின் செய்வது யாது? மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ‘இத்தனையாவது அறையிலே பிழை உண்டு’ என்று இடத்தைச் சுட்டி மறுத்துவிடுவது. மற்றொன்று, பிழையான இடத்திலே ஒரு மாற்றுக்குறியை இட்டு மேலே செல்வது. கருஞ்சாய்சதுரத்துக்குள்ளே கேள்விக்குறி ஒன்று இருப்பதைக் கணினித் திரையிலே பலர் கண்டிருப்பர். அது இதற்கெனவே யுனிகோட் வகுத்த குறி. மூன்றாவது வழி, பிழையைச் சத்தமின்றி நீக்கிவிட்டு, ஒன்றும் நடவாதது போலத் தொடர்வது. பார்வைக்குச் சுத்தமாகத் தோன்றும் இம்மூன்றாம் வழியே மிகவும் ஆபத்தானது. ‘அழி’ என்னும் கட்டளை தடைசெய்யப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோர், அகரத்துக்கும் ழிகரத்துக்கும் இடையிலே ஒரு பிழை அறையைச் செருகி அனுப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காவற்கருவிக்கு அது ‘அழி’ அன்று, போகவிடும். பின்னர் வரும் கருவி பிழை அறையை அன்போடு நீக்கும்போது, பிரிந்து நின்ற இரண்டும் கூடி ‘அழி’ என்றாகும். ஒருவர் வாசிப்பதற்காகக் காட்டப்படும் பழைய கடிதமாயின் மாற்றுக்குறி போதும். பெயரும் கணக்கும் கட்டளையும் பதிவாகும் இடமாயின் மறுத்தலே முறை.

சோதிக்கும் ஒழுங்கும் முக்கியமானது. முதலிலே குறிநீக்கம், அதுவும் ஒரே முறை. அடுத்து, மீட்ட எழுத்தின் மீதே பொருட்காவல். மாறுவேடத்தோடு இருப்பவரைச் சோதித்துவிட்டு, உள்ளே சென்றபின் வேடத்தைக் கலைக்கச் சொல்வதிலே பயனில்லை.

கண்டிப்பு வேண்டப்படுவது யூ.ரி.எப்.-8 முறைக்கு மாத்திரம் அன்று. மின்னஞ்சலோடு படங்களையும் கோப்புகளையும் இணைத்து அனுப்பும்போது, பேஸ்-64 என்னும் குறியாக்கம் பயன்படுகிறது. மூன்று பைற்றுகளை 64 குறிகளுள் நான்கு குறிகளாக மாற்றுவது அது. 1996 ஆம் ஆண்டின் மின்னஞ்சல் நியமம், அந்த 64 இல் இல்லாத குறி இடையிலே வந்தால் அதனைப் பொருட்படுத்தாது விடுக என்றது. வரிகள் உடைந்து வரும் அஞ்சலுக்கு அது பொருந்திற்று. 2006 ஆம் ஆண்டின் பொது நியமமோ, வேறு விதி வெளிப்படையாக இல்லாவிடின் அத்தகைய உள்ளீட்டை மறுத்தேயாக வேண்டும் என்று மாற்றியது. இன்னுமொரு நுட்பம் இங்கே உண்டு. ‘ஏ’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தை இம்முறையிலே எழுதினால் ‘கியூ, கியூ’ என இரண்டு எழுத்தும் இரண்டு சமன்குறியும் வரும். இரண்டாம் எழுத்தின் கடைசிப் பகுதி வெறுமையானது. அங்கே எதனை இட்டாலும் கண்டிப்பில்லாத கருவி கவனியாது. ஆகவே ‘கியூ, ஆர்’ என்று எழுதினாலும் அதே ‘ஏ’ கிடைக்கும். இவ்வாறு ஒரே பொருளுக்குப் பதினாறு எழுத்து வடிவங்கள். இரண்டு ஆவணங்கள் ஒன்றா வேறா என்று எழுத்துக்கெழுத்து ஒப்பிட்டு முடிவு செய்யும் இடத்திலே, இது எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கண்டிப்பிலும் அறிவு வேண்டும். பெரிய கோப்பைக் கணினி ஒரே மூச்சிலே வாசிப்பதில்லை. 4096 பைற்றுகள் போன்ற துண்டுகளாக வாசிக்கும். இடைவெளியின்றித் தமிழெழுத்தே நிறைந்த கோப்பாயின், 1365 குறிகள் அடங்கியபின் ஓர் அறை எஞ்சும். அடுத்த குறியின் தலை இத்துண்டிலும் உடல் அடுத்த துண்டிலுமாக நிற்கும். அதனைப் பிழை என்று மறுக்கும் கருவி, பிழையற்ற கோப்பையே மறுக்கிறது. ‘பிழை’ வேறு, ‘இன்னும் முடியவில்லை’ என்பது வேறு. கோப்பு முழுவதும் வந்து முடிந்த பின்னரும் எழுத்து முடியாதிருந்தால் மாத்திரமே அது பிழை.

கண்டிப்புக்கு எட்டாத பிழையும் உண்டு. ‘யாழ்ப்பாணம்’ என்னும் பெயர், கணினிக் கணக்கிலே 11 குறிகள், 33 பைற்றுகள். 32 பைற்றுகளே கொள்ளும் ஒரு கட்டத்திலே அதனை வெட்டி வைத்தால், கடைசிப் புள்ளிக்குரிய மூன்று அறைகளிலே இரண்டு மாத்திரம் எஞ்சும். கண்டிப்பான கருவி அதனை உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் 30 பைற்றுகளிலே வெட்டினால், புள்ளி முழுவதும் ஒழிந்து, ‘யாழ்ப்பாணம’ என்று நிற்கும். வடிவத்திலே அது பழுதற்றது. எந்த விதியும் மீறப்படவில்லை. பிழை என்பதை அறியத் தமிழறிந்த ஒருவர் வேண்டும். கம்பளி வணிகரின் தந்தியிலே நேர்ந்ததும் இத்தகைய பிழையே. வடிவத்தைக் காக்கும் காவல், பொருளைக் காக்கும் பொறுப்பிலிருந்து மனிதரை விடுவிப்பதில்லை.

தமிழ் வாசகர் பலருக்கு நேரிலே பழக்கமான உதாரணம் பாமினி எழுத்துரு. யுனிகோட் பரவுமுன்னர் இலங்கையிலே அச்சுக்கும் கந்தோர்ப் பணிக்கும் அது பெருவழக்காயிருந்தது. அதிலே தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே குடியிருந்தன. ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தின் இடத்திலே அகரம். ‘கே’ என்னும் எழுத்தின் இடத்திலே மகரம். எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கிலக் கோவையே. அக்கோப்பு யூ.ரி.எப்.-8 விதிகள் யாவற்றுக்கும் அமைந்திருக்கும். குறிநீக்கி குறை காணாது. அதனை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவியோ, இடையிலே உண்மையான ஆங்கிலப் பெயரோ முகவரியோ வந்தால், அதனையும் தமிழ் என்று கருதி உருக்குலைத்துவிடும். ஆதலால் நல்ல மாற்றுக்கருவி ஊகத்தை நம்பாது. எந்தப் பகுதி எந்தக் குறியாக்கம் என்பதைத் தருபவரே அறிவிக்கும்படி கேட்கும். மாற்றியபின் மொழிவிதிக்கு ஒவ்வாத கோவை தோன்றினால், அவ்விடத்தைச் சுட்டிக்காட்டும். சொல்லின் தொடக்கத்திலே புள்ளியோ, உயிரெழுத்தின் மேலே துணைக்காலோ வந்தால், அது மாற்றத்திலே நேர்ந்த பழுதாகவே பெரும்பாலும் இருக்கும்.

கருவியின் கண்டிப்பை அளந்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வந்த அறைகளை எழுத்தாக மீட்டு, மீட்ட எழுத்தை மீண்டும் அறைகளாக்கிப் பார்த்தல் வேண்டும். முதலிலே வந்ததும் இறுதியிலே கிடைத்ததும் அறைக்கு அறை ஒத்திருக்க வேண்டும். நீட்டி எழுதிய சாய்கோட்டைக் கருவி ஏற்றுக்கொண்டிருந்தால், இரண்டு அறைகளாகப் புகுந்தது ஓர் அறையாகத் திரும்பும், குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல உள்ளீட்டை மாத்திரம் கொடுத்துச் சோதிப்பதும் போதாது. கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்து மார்க்கஸ் கூன் என்னும் அறிஞர், குறிநீக்கிகளைச் சோதிப்பதற்கென்றே பிழைகள் நிறைந்த கோப்பு ஒன்றைத் தொகுத்து எவரும் பயன்படுத்துமாறு வழங்கினார்.

கண்டிப்பு என்றவுடன் மனங்குறுகிய மறுப்பு என்று கொள்ளலாகாது. ஆங்கில எழுத்து மாத்திரமே செல்லும் என்று கூறித் தமிழ்ப் பெயரைத் திருப்பியனுப்பும் படிவம் கண்டிப்பானதன்று, அறியாமையுடையது. முறையாக எழுதப்பட்ட எந்த மொழியின் எந்த எழுத்தையும் ஏற்று, முறைதவறிய ஒன்றைக்கூட ஏற்காதிருப்பதே கண்டிப்பு. மறுக்கும்போது எங்கே தவறு, எவ்வாறு திருத்துவது என்று தெளிவாகச் சொல்வதும் அதன் கடமை.

மறுக்கப்பட்ட பிழை, அனுப்பியவருக்கு ஒரு நிமிட வருத்தத்தைத் தரும். அவர் திருத்தி மீண்டும் அனுப்புவார். ஏற்கப்பட்ட பிழையோ இடாப்புக்குள்ளே புகுந்து, படிகளாகப் பெருகி, அதனை அனுப்பியவரும் மறந்துபோன காலத்திலே வெளிப்படும். அன்று துன்பப்படுபவர் கருவியைச் செய்தவரல்லர். தம் பெயர் பிறப்புச் சான்றிதழிலே ஒருவாறும் அடையாள அட்டையிலே வேறொருவாறும் இருப்பதைக் கண்டு, ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்கு அலையும் முதியவராய் அவர் இருத்தல் கூடும். கருவியைச் செய்பவர், அம்முதியவரைத் தம் கண்முன்னே நிறுத்திக்கொண்டு அந்தச் சில விதிகளையும் எழுதிச் சேர்ப்பாராயின், அதுவே அவர் எழுத்துக்கும் எழுத்தை நம்பி வாழ்வோர்க்கும் செய்யும் நற்பணியாகும்.